பல் முளைத்த படம்

செத்துப்போன அப்பாவுக்குப் பல் முளைத்திருந்தது. கூடவே ஒரு கோட்டும் டையும்.

கூடத்துச் சுவரில் பெரியப்பா மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் ஃபியூஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபியூஸ் என்பது அப்பா அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பொசுக்கென்று கோபம் வரும், வந்தால் வீடே இருண்டுபோகும் என்பார். அப்பா எலக்ட்ரீஷியன். மகளும் அவரோடு ஏணி தூக்கிக்கொண்டு போய்த் தொழில் கற்றவள்தான்.

"எப்படிம்மா இருக்கு? ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் சரி பண்ணிட்டான்" என்றார் பெரியப்பா. முகத்தில் அத்தனை பெருமை.

சரி பண்ணினானாம்! அப்பாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்தே பழகிய மனுஷன். கட்டிங் பிளேயர் பையில் தூங்கும், பல் வேலை பார்க்கும். ஒருநாள் பல் கையோடு வந்துவிட்டது. பல் டாக்டர் புதுசு கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு, "எதுக்குங்க? இனிமே வயர் தடங்கல் இல்லாம உள்ள போகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர். ஆனால் மகள் ஒரே ஒரு தடவை வயரை வாயில் வைத்தபோது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அந்தப் பல் சந்து வழியாகத்தான் அவருடைய விசில் வரும். சின்னதாய் இரண்டு, இழுத்து ஒன்று. தெருமுனையில் அது கேட்டதும் அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள்.

ஸ்டுடியோக்காரன் அந்தச் சந்தை அடைத்து, போதாக்குறைக்கு உதட்டையும் மூடிவிட்டிருந்தான்.

"நான் ஃபிரேம் போட்டு வச்ச படம் எங்க பெரியப்பா?"

"பீரோ மேல கிடக்கு. ஏணி மேல நின்னுக்கிட்டு ஈன்னு இளிக்கிறான். நாலு பேர் துக்கம் கேக்க வர்ற இடத்துல அதையா மாட்டுவாங்க? நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"பல்லு எண்ண வர்றவங்க வாசலோட போகட்டும்."

"வாயைப் பாரு! அப்பனுக்குத் தப்பாத பொண்ணு." பெரியப்பாவின் குரல் சட்டென்று இறங்கியது. "உசிரோட இருந்தவரைக்கும் என் தம்பி ஒரு நல்ல சட்டை போட்டிருப்பானா? கரி, பெயிண்ட்டு, கிழிசல். இப்பவாவது ஒரு கோட்டு போட்டுக்கட்டுமே, விடேன்."

அப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் இவர். பாசம் பொய்யில்லை. அதற்காக? வேறு எவரையோ காட்டி, இவர்தான் உன் அப்பா, பார்த்துக்கொண்டே இரு என்றால் எப்படிப் பார்ப்பது? கொஞ்ச நாளில் தனக்கே அந்தச் சிரிப்பு மறந்துபோய், இந்தக் கோட்டுக்காரர்தான் நினைவில் நிற்பாரோ என்று அவளுக்குப் பகீரென்றது.

அப்பா போனதிலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அத்தை காதுபடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "பேங்க் மேனேஜர் யாரோ மாதிரி இருக்கு" என்றுவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஃபியூஸ் பின்னறையிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க. வீடு மாறி வந்துட்டேன்."

தெரிந்த குரல். தையல்கடைக்காரம்மா! அந்தக் கடைக்கு வயரிங் போட்டதே அப்பாவும் இவளும்தான். நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் அந்த அம்மா சுவரில் இருந்த கோட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருடைய துக்கமோ என்று தெருவில் இறங்கிப் பாதி தூரம் போயிருந்தாள். இவள் கூப்பிட்டாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

ஃபியூஸ் இரண்டு விரலை மடக்கி வாய்க்குள் வைத்தாள்.

"ஏய், துக்க வீட்டுல..." என்று பெரியப்பா எழுந்தார்.

சின்னதாய் இரண்டு. இழுத்து ஒன்று.

தையல்கடைக்காரம்மா அப்படியே நின்றுவிட்டாள். திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது. மூச்சிரைக்க வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

"அவரு விசிலுல்ல இது! அப்போ இந்த வீடுதானா? உள்ள யாரோ ஆபீசர் படம் மாட்டியிருந்துச்சே..."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபியூஸ் அப்பாவின் ஏணியை இழுத்துவந்து சுவரில் சாய்த்தாள். ஏறினாள். கோட்டுக்காரரைக் கழற்றினாள்.

"இறங்குடி கீழ. பெரியவங்க மாட்டினதை..." என்றாள் அத்தை.

"மாட்டேன் அத்தை. இது எங்கப்பா வீடு. இங்க எங்கப்பாதான் இருப்பாரு. பல்லு இல்லாம, அழுக்குச் சட்டையோட, இளிச்சுக்கிட்டுதான் இருப்பாரு. பாக்கப் பிடிக்காதவங்க தரையைப் பாத்துட்டுப் போங்க. பெரியப்பா, நீங்க வருத்தப்பட்டாலும் சரி, நான் இறங்க மாட்டேன்."

ஏணி ஆடியது. பழைய ஏணி, ஒரு கால் குட்டை. அப்பா ஏறும்போது மகள்தான் பிடித்துக்கொள்வாள். இப்போது பெரியப்பா வந்து பிடித்துக்கொண்டார். பீரோ மேலிருந்த படத்தை எட்டி எடுத்து, தூசியைத் துடைத்து, அவர்தான் அவள் கையில் கொடுத்தார்.

படத்தை மாட்டிவிட்டுத் திரும்பினாள். அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் டீப் பாத்திரம். விசில் கேட்டதும் கை தானாகப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் பிடித்திருக்கிறது. ஒன்று தனக்கு, ஒன்று அவருக்கு.

அம்மா நேராகப் படத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"இளிக்கிறதைப் பாரு. எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டு, இளிப்பு வேற! தண்ணி பிடிச்சிட்டேனேய்யா, இதை இப்போ யாருக்குப் போடறது?"

பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் புடவையில் வழிய வழிய, அம்மா அழத் தொடங்கினாள்.