எல்லோரும் பச்சையாக இருந்த வகுப்பறை

அந்த மழலையர் பள்ளியின் பெரிய வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். நாலு வயதுப் பிள்ளைகள் அறை நிறைய இருக்கும் இடத்தில் இப்படி ஓர் அமைதி என்றால், ஒன்று எல்லோரும் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ கோளாறு நடக்க வேண்டும். தலைமையாசிரியைக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு அது பெருமையாக இருந்தது.

ஆளுக்கொரு டேப்லெட், ஆளுக்கொரு ஹெட்போன். பிள்ளையின் டேப்லெட்டில் பாடம் ஓடினால் ஆசிரியரின் கணினியிலும் தலைமையாசிரியையின் கணினியிலும் அந்தப் பிள்ளையின் படத்துக்குக் கீழே பச்சைப் புள்ளி எரியும், நின்றால் சிவப்பு. இந்த ஏற்பாட்டுக்காகக் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர் தலைமையாசிரியைதான். மறுநாள் கல்வி இயக்குநர் நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் போதும், நகரத்தின் எல்லா மழலையர் பள்ளிக்கும் இதுவே விதி என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

தலைமையாசிரியை சந்தோஷம் தாங்காமல் கணவருக்கு போன் போட்டார். "என்னங்க, எல்லாரும் பச்சை! ஒரு சிவப்புகூட இல்ல!"

"ரோட்டு சிக்னல்ல ஒரு நாளாவது நமக்கு இப்படி அமைஞ்சிருக்கா?" என்றார் கணவர்.

சிரித்துக்கொண்டே வகுப்பைப் படம் எடுக்கக் கிளம்பினார். உள்ளே போனதும், பொம்மை அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

எட்டிப் பார்த்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லோரும் முணுமுணு என்று கூப்பிடும் அந்தச் சன்னக்குரல் பையன், அலமாரிக் கதவில் விரல் மாட்டிக்கொண்டு நின்றான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன் தோழர்கள் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவர் காதிலும் அவன் குரல் விழவில்லை. ஆசிரியை அறையின் அந்தக் கோடியில் தானும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கணினியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய டேப்லெட் மட்டும் காலி நாற்காலியில் கிடந்து யாருக்கோ பாட்டுப் பாடியது.

விரலை விடுவித்து, ஐஸ் கட்டி வைத்து, மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நான் கூப்பிட்டேன்... யாருமே திரும்பல," என்றான் அவன்.

ஆசிரியை ஓடி வந்தாள். "பச்சையாத்தானே மேடம் இருந்துச்சு. படிக்கிறான்னு நெனச்சேன்."

வாய்வரை வந்த திட்டைத் தலைமையாசிரியை விழுங்கிக்கொண்டார். அதே பச்சையைப் பார்த்துத்தானே அவரும் போனில் குதித்தார்! "உன்மேல தப்பில்லம்மா. புள்ளியைப் பாருன்னு உனக்குச் சொன்னவளே நான்தான்."

மாலையில் ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாளைக்கு மட்டும் சமாளிச்சுட்டு, அப்புறம் மாத்திக்கலாமே மேடம்? நீங்களே வேணும்னு கேட்டதை நீங்களே வேண்டாம்னா, உங்களை என்ன நினைப்பாங்க?"

"என்னமோ நினைச்சுட்டுப் போறாங்க. நாளைக்கு அவர் கையெழுத்துப் போட்டுட்டா, ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு பிள்ளை இப்படி நின்னு அழும். யாருக்கும் கேட்காது."

மறுநாள் இயக்குநர் வந்தபோது வாசலிலேயே சந்தை இரைச்சல் கேட்டது. வகுப்பில் ஒரே ஒரு டேப்லெட். தரையில் அட்டைப்பெட்டியில் செய்த பேருந்து, அதன் முன்னால் தும்பிக்கை கோணிய களிமண் யானை. ஒருத்தி யானையைத் துளி நகர்த்துவாள். எல்லோரும் கையை எடுப்பார்கள். கட்டுப்போட்ட விரலோடு முணுமுணு படம் பிடிப்பான். மறுபடி துளி நகர்த்தல், மறுபடி படம். சேர்த்து ஓட்டினால் யானை நடக்கும்.

"யாரும் ஆடாதீங்க!" என்று கத்தினான் முணுமுணு. அவன் அவ்வளவு உரக்கப் பேசி அந்தப் பள்ளி கேட்டதே இல்லை.

"என்னம்மா இது? ஹெட்போன் எங்க? திரையில ஒரு பச்சைகூட இல்லையே!" இயக்குநரின் முகம் கடுகடுத்தது.

தலைமையாசிரியை முணுமுணுவின் விரல் கட்டைக் காட்டிச் சொன்னார். "நேத்து எல்லாமே பச்சை சார். அப்பதான் அந்தப் பையன் கதவுல விரல் மாட்டி அழுதுட்டிருந்தான். பக்கத்துல இருந்த பிள்ளைங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இது நல்லதுன்னு உங்ககிட்ட வாதாடினவ நான். நான் சொன்னது தப்பு சார்."

இயக்குநர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் யானைக்காரி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, பஸ்ஸுக்குச் சத்தம் போடுறீங்களா? நாங்க போட்டா சிரிப்பு வருது."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். டேப்லெட் பக்கம் குனிந்து, கௌரவமாக, "டுர்" என்றார்.

"மாமா, பஸ் ஸ்டார்ட்டே ஆகல!"

உடன் வந்த உதவியாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். இயக்குநர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னம் உப்ப, "ட்ர்ர்ர்ர்ர்ர்" என்று ஒரு பிடி பிடித்தார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

பிறகு படம் சுவரில் ஓடியது. யானை ஏறியது, பாதியில் மாட்டிக்கொண்டது. "தள்ளு, தள்ளு!" என்று பிள்ளைகளின் குரல்கள். கடைசியில் யானை உள்ளே இருந்தது, இயக்குநரின் உறுமலோடு பேருந்து கிளம்பியது.

"அவ்வளவு பெரிய யானை எப்படிடா உள்ள போச்சு?" என்று நிஜமாகவே கேட்டார் இயக்குநர்.

"கூரையைக் கழட்டிட்டோம்!" என்றான் முணுமுணு. "நான் சொன்னேன், இவ கிழிச்சா, அவன் புடிச்சுக்கிட்டான்."

இயக்குநர் உதவியாளரிடமிருந்து உத்தரவின் நகலை வாங்கி, 'குழந்தைக்கு ஒரு கருவி' என்ற வரியை அடித்தார். 'குழுவுக்கு ஒரு கருவி. ஆசிரியரின் கண் குழந்தைகள்மேல்' என்று எழுதினார். ஆசிரியைக்கு அழுகையே வந்துவிட்டது.

"தப்புன்னு ஒத்துக்கிட்டா பேரு போயிடும்னு பயமா இல்லையாம்மா?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டார் இயக்குநர்.

"இருந்துச்சு சார். ஆனா என் பேரைக் காப்பாத்த ஊர்ப் பிள்ளைங்களை அழவிடக் கூடாது. கருவின்னா அது பிள்ளைங்களை ஒருத்தரோட ஒருத்தர் சேர்க்கணும். விதி போடுற நாம, போடுறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துல வந்து தரையில உக்காரணும்."