ஹால் டிக்கெட் இல்லாத இயக்குநர்

இயக்குநர் கதவைத் தட்டியபோது பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. கணக்கு டீச்சர் கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

சமாதானக் கல்வி இயக்குநர் என்பது சண்டை ஓய்ந்த மறுமாதமே முளைத்த பதவி. தேர்வுகளும் அவர் பொறுப்புதான். சண்டைக்காலத்தில் இரண்டு தரப்பும் மாறி மாறி இந்தப் பள்ளியில் முகாம் போட்டு, பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்தன. இப்போது சமாதானத்தின் முறை. மைதானத்தில் பந்தல், மைக் செட், 'கல்வியே நிலையான அமைதி' என்று ஒரு பேனர். பேனரை நிமிர்த்திக் கட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணை ஒரு அரைமணி அனுப்புங்கம்மா. விருந்தினர் வந்துட்டார். அவ துப்பாக்கியைக் குடுத்துட்டுப் பேனாவை வாங்கணும்."

"துப்பாக்கியைப் போன வருஷமே குடுத்துட்டாளே சார்."

"அது நிஜம். இது மரத்துல செஞ்சது, போட்டோவுக்கு."

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. பதின்மூன்றில் வகுப்பிலிருந்து சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனவர்கள் பத்தொன்பதில்தான் விட்டார்கள். வகுப்பே அவளை அக்கா என்றது. வருகைப் பதிவின்போது வாய்தவறி டீச்சரும் அப்படியே கூப்பிட்டுவிடுவாள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் ஆஸ்பத்திரிப் பயிற்சி. தேறாவிட்டால், இப்போதும் 'சும்மா பார்த்துட்டுப் போக' அவள் வீட்டுக்கு வருகிற பழைய முகாம்காரர்கள்.

இயக்குநரின் குரல் கேட்டதுமே அவள் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டாள். ஆறு வருடப் பழக்கம்.

"உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னா?" என்றாள் டீச்சர், திரும்பாமலே.

அவள் கதவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "மூணாவது கணக்கு இன்னும் முடியல டீச்சர்," என்று உட்கார்ந்தாள்.

"நான் யாருன்னு தெரியுதா உங்களுக்கு?" என்றார் இயக்குநர்.

"தெரியுது சார். ஹால் டிக்கெட் இருக்கா?"

இயக்குநரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது.

"தேர்வு முடியறவரைக்கும் டிக்கெட் இல்லாதவங்க உள்ள வரக்கூடாது, எழுதறவங்க வெளிய போகக்கூடாது. சுற்றறிக்கை சார். கீழ உங்க கையெழுத்து."

விழா அழைப்பிதழிலும் அதே கையெழுத்து, அதே தேதி. இரண்டையும் படிக்காமல் போட்டிருந்தார்.

"உங்களை மாத்திடுவேன்!"

"இதைவிட மோசமான பள்ளிக்கூடம் இருந்தா சொல்லுங்க சார், இப்பவே பெட்டி கட்டறேன்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே மைக் இரண்டு முறை இருமிவிட்டுக் கல்வியின் மேன்மையைப் பேசத் தொடங்கியது. ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்தாள். அறை வெந்தது. ஒருவரும் முனகவில்லை.

மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணின் ஒரு கை உயர்ந்தது. கையை உயர்த்து என்றால் இரண்டையும் உயர்த்தித்தான் அவளுக்குப் பழக்கம். இப்போது இடது கை மட்டும் கூடுதல் தாள் கேட்டு மேலே நின்றது. வலது கை எழுதிக்கொண்டே இருந்தது.