மொட்டை மாடியில் என் படம்

திருவேற்காட்டில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் எனக்குப் பாராட்டு விழா எடுத்தது. ஆறு வருஷம் நாயாய் அலைந்து நான் இயக்கிய முதல் படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. அதற்கு முந்தின ஞாயிறு மாலை மொட்டை மாடிக்கு வரச் சொன்னார்கள். பட்டுப் புடவை வேறு கட்டிக்கொண்டு போனேன், புத்தி கெட்டவள்.

சங்கத் தலைவர் பரந்தாமன் பொன்னாடை போர்த்தினார். இந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் போட்டது. அதனால் தண்ணீர் மோட்டாரிலிருந்து பொங்கல் விழா வரை இங்கே எல்லாம் அவர் சொல்தான். கைதட்டல் ஓய்ந்ததும் விளக்கை அணைத்தார்கள். எதிரே திரையாகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் என் கதாநாயகி நடந்து வந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரையின் மேல் ஓரத்தில் எண்கள் ஓடின. பின்னணி இசை இல்லை. வேலை முடிவதற்குள் எவனோ திருடி, முந்தின நாள் இணையத்தில் விட்ட பிரதி அது. எங்களுக்குக் கிடைத்ததே சொற்பத் தியேட்டர்கள். முதல் இரண்டு மூன்று நாள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் படத்தைத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் எனக்கு யாரும் இன்னொரு படம் தரமாட்டார்கள். ஆட்டுக்கு மாலை போட்டு வெட்டுவார்களே, அதுதான் அங்கே நடந்தது.

புரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கினேன்.

"இன்னாம்மா, கரண்ட் போச்சா?" என்றார் பரந்தாமன்.

"நான்தான் பிடுங்கினேன். இது திருட்டுப் படம் சார்."

"நம்ம பொண்ணு எடுத்த படம்னு ஆசையா போட்டா, திருட்டுன்றியே! அல்லாரு போன்லயும் கீது. நாங்க பாக்கலன்னா மட்டும் இன்னா ஆயிடப் போவுது?"

"திருடன் என் வீட்டுப் பூட்டை உடைச்சிட்டுப் போயிட்டான்னா, நீங்க உள்ள பூந்து பாத்திரத்தை எடுத்துப்பீங்களா?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. என் கணவன் கிரண் கையைப் பிடித்தான். "விடு சித்ரா. நாளைக்கு இவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்."

கையை உதறினேன். பொன்னாடையை மடித்துப் பரந்தாமனிடம் நீட்டினேன். "வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வாங்க சார். பாத்துட்டு, படம் நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா திட்டுங்க. கேட்டுக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். "திமிரப் பாரு" என்றது ஒரு குரல். ஆமாம், திமிர்தான். அது இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை.

நாங்கள் கடைசியாக இறங்கினோம். மூன்றாம் மாடிக்கு வந்ததும் என் கால் நின்றது. பரந்தாமன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என் கதாநாயகி பேசிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டிலும் அவள் குரல்தான். மாடியில் விட்ட இடத்திலிருந்து ஆளாளுக்கு டிவியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அழுகை வந்தது. அழுதேன். யாருக்காக மறைக்க வேண்டும்?

"ஊரையே தடுக்க முடியுமா? வா, போலாம்" என்றான் கிரண்.

"ஊரைத் தடுக்க முடியாது. இந்த வீட்டைத் தடுக்கலாம்."

அழைப்பு மணியை அழுத்தினேன். கதவு திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை. ரிமோட்டும் கையுமாகப் பரந்தாமன் வந்து நின்றார். நான் வாசலை விட்டு நகரவில்லை. அவர் என் ஈர முகத்தைப் பார்த்தார், கிரணைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பி டிவியை அணைத்தார்.

எதிர் வீட்டில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மணியில் விரலை வைத்தேன்.