லிஸ்டர் வீட்டுக் கேடயம்

அப்பா இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை என்று மேவிஸ் நினைத்துக்கொண்டாள். முன்னறையில் அப்பாவின் சவப்பெட்டி திறந்திருந்தது. அதன் தலைமாட்டில் நின்றபடி அவள் தம்பி கிளிஃபர்ட் பழுப்புக் காகிதம் ஒன்றைப் பிரித்தான். உள்ளே ஒரு மரக் கேடயம். நீலத்தில் இரண்டு பொன் சிங்கங்கள், கீழே ‘லிஸ்டர்’ என்ற பெயர்.

“ஸ்கார்பரோ கடற்கரையில ஒரு கடைக்காரன்கிட்ட வாங்கினேன். நம்ம குலச் சின்னம். அந்தக் காலத்துல இங்கிலாந்தை ஜெயிச்ச வில்லியம் ராஜாவோட கப்பல்ல வந்த பிரபுக்களாம் நாம.”

“பேரைச் சொன்னதும் எடுத்துக் குடுத்துட்டானா?”

“எல்லாப் பேருக்கும் வரிசையா மாட்டி வச்சிருக்கான்.”

“அப்ப கசாப்புக் கடை லிஸ்டருக்கும் இதே சிங்கம்தானா? அவங்க நமக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

சடங்குக்குப் பிறகு பரிமாற வேண்டிய பன்றித்தொடையை ஏந்தியபடி உள்ளே வந்த பக்கத்து வீட்டு ஓக்டன் அம்மாள் கேடயத்தை எட்டிப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரரும் ஒண்ணு வாங்கினார், கண்ணு. கக்கூஸ் கதவுல மாட்டியிருக்கோம்.” சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

கிளிஃபர்ட் சிரிக்கவில்லை.

லிஸ்டர் என்றால் சாயம் தோய்க்கிறவன். பழைய யார்க்‌ஷர் பேச்சில் அதற்கு அவ்வளவுதான் பொருள். அப்பாவுக்கும் அது தெரியும். “அறுநூறு வருஷமா ஒரே தொட்டிகிட்ட நிக்கறோம் மேவிஸ், பாவிங்க ஒரு பதவி உயர்வு குடுக்கல” என்பார். போன வாரம்வரை கம்பளி ஆலையின் சாயப்பட்டறையில் ஆவிக்குள் நின்ற மனிதர். உடலைக் கழுவ வந்தவர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். நகக்கண்களில் ஊறியிருந்த கருநீலம் போகவில்லை.

கிளிஃபர்ட், தனக்கும் டாஃப்னிக்கும் நடந்த கல்யாணத்தில், ஹாரகேட் ஊர்ப் பணக்காரச் சம்பந்திகளுக்காக அப்பாவுக்கு வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டான். அப்பா கையுறையோடே கேக்கைத் தின்றார். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றியதும் தன் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கார் நின்றது. கிளிஃபர்ட் மூடிய திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தான்.

“டாஃப்னியோட அப்பா, அம்மா. மேவிஸ், இதை நம்ம அப்பா மேல வச்சுடு. நீதான் மூத்தவ, நீ வச்சாத்தான் முறை.”

அவள் கேடயத்தை வாங்கினாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது. “நெஞ்சுலயா?”

“இன்னும் கொஞ்சம் கீழ.”

“கீழன்னா?”

“கைமேல.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இன்னிக்கு ஒரு நாளாவது அந்த நகமெல்லாம் மறையட்டுமே.”

மேவிஸ் கேடயத்திலிருந்து அப்பாவின் நீல நகங்களுக்குப் பார்வையைத் திருப்பினாள். பெருமை என்று நீ கொண்டுவந்தது இதற்குத்தானா? செத்த பிறகுமா அவர் உனக்காக ஒளிந்துகொள்ள வேண்டும்? அவள் கேட்க வாயெடுத்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

கேடயத்தைத் தம்பியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“நான் வைக்க மாட்டேன், கிளிஃப்” என்றாள் மெதுவாக. பிறகு கதவைத் திறக்கப் போனாள்.