வலது மூலையில் இருந்த நீலம்

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஃபின்ச் வீதிக்குப் பின்புறம், தகரக் கதவுகள் வரிசையாக உள்ள கட்டடத்தில் ஒரு கராஜ். என் காரைப் பொலிஷ் பண்ணக் கொடுத்துவிட்டு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் மெஷினை நிற்பாட்டினார். என் கதவில் கிடந்த கீறல் ஒன்றை விரலால் தடவியபடி, "அண்ணை, உது எப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"இப்ப நான் கேட்டுப்போட்டுத்தான் அழிக்கிறது," என்றார்.

முன்பு ஏன் கேட்பதில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மைக் கதை கிடைத்திருக்கும். கேட்காத குற்றத்துக்கு இதை எழுதுகிறேன்.

அவருக்கு இக்னேசியஸ் என்று பெயர் வைக்கிறேன். ஐம்பத்திரண்டு வயது, சொந்த இடம் மன்னார், மனைவி இறந்து நாலு வருடம். இவ்வளவும் என் கற்பனை. அந்த விரல் மட்டும் நிஜம்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'அன்று ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டி—

(வேண்டாம். இந்த ஊர்க் கதை என்றாலே பனி கொட்டவேண்டுமா? அது ஒக்ரோபர் மாதம். நல்ல வெயில்.)

இரண்டாவது:

'அந்தக் காரைக் கண்டதுமே இக்னேசியஸின் மனதில் ஏதோ ஒன்று—

(பொய். அவர் மனதில் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கதையே இல்லை.)

ஆகவே நடந்தபடி சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை காலை சண்முகலிங்கம் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டார். எழுபத்துநாலு வயது, ஒன்பது வருட வாடிக்கையாளர். அவருடைய மனைவி மங்கையற்கரசிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. திங்கள், புதன், வெள்ளி அவரை டயலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்வருவது அந்தக் காரில்தான். இக்னேசியஸின் மனைவி இறந்தபோது முப்பத்தோராம் நாள்வரை சமைத்துக் கொடுத்து அனுப்பியவர் மங்கையற்கரசி.

முன்பம்பரின் வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு நீலநிறம் உரஞ்சி ஒட்டியிருந்தது. அதற்குள் மூன்று கீறல்கள்.

"குப்பைத்தொட்டியில முட்டிப்போட்டன் தம்பி. றோட்டுக்கரையில நிக்குமே, உந்த நீலத் தொட்டி."

"உது பெரிய வேலையில்லை அண்ணை. பின்னேரம் வாங்கோ."

3

ஒரே அச்சில் சுற்றும் பொலிஷ் மெஷின் முரட்டுச் சாமான். இரண்டு கையாலும் அடக்கிப் பிடிக்கவேண்டும். அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஓரிடத்தில் மூன்று எண்ணும்வரை நின்றாலே சூடேறி மேல்பூச்சு எரிந்துபோகும். விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லிசு. பம்பரோ பிளாஸ்ரிக், சூட்டை வெளியே விடாது.

இக்னேசியஸ் காரைக் கழுவித் துடைத்தார். விளிம்புகளுக்கு ரேப் ஒட்டினார். சிறிய லைற்றைச் சரித்துப் பிடித்து, வழக்கம்போல, வேலைக்கு முந்திய படம் ஒன்றைப் போனில் எடுத்தார். பிறகு பூச்சைத் தேய்க்கும் கொம்பவுண்டைத் தடவி, மெஷினைத் தாழ்ந்த வேகத்தில் விட்டார். நீலம் முதல் நாலு சுற்றிலேயே கழன்றது. கீறல்களுக்கு நேரம் எடுத்தது. கீறலை நிரப்புவதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சுற்றியுள்ள பூச்சை அதன் ஆழத்துக்கு இறக்கிவிடுவதுதான் வேலை. கீறல் இருந்த உயரமே இல்லாமல் போய்விடுகிறது.*

மெஷினுக்கு மென்மையான பஞ்சுப் பாட் மாற்றி, வட்டக் கோடுகள் தெரியாமல் முடித்து, கையைப் பின்புறமாகத் திருப்பித் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. வேலைக்குப் பிந்திய படத்தையும் எடுத்தார். அன்று அவருக்குத் தன் கைகளில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன்.

* இந்த வரிக்கு ஒரு தத்துவம் சேர்த்திருந்தேன். வெட்டிவிட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில், கிளடிஸ் என்ற பெண்மணிக்காக மன்றாடும்படி சுவாமியார் கேட்டார். பூசை முடிய இக்னேசியஸ் கிளடிஸின் மகள் மெலனியைத் தேடிப் போனார்.

"அம்மாக்கு என்ன பிள்ளை?"

"ஹிப் உடைஞ்சிற்றுது, அங்கிள். புதன்கிழமை பின்னேரம், குறொஸ் பண்ணேக்க. கார் அம்மாவில முட்டேல்ல, அவ இழுத்துக்கொண்டு வந்த பகியிலதான் முட்டினது. அதோட சேந்து அம்மாவும் விழுந்திற்றா. லைக், ஸ்ரொப் கூடப் பண்ணேல்ல. பொலிஸ் கமராப் படம் தேடுது, ஒண்டுமில்லையாம்."

சாமான் வாங்கப்போகும்போது இழுத்துச் செல்லும் அந்த இரண்டு சில்லு வண்டியை இக்னேசியஸ் பலமுறை கோயில் வாசலில் கண்டிருக்கிறார். இருந்தும் கேட்டார்.

"பகி என்ன நிறம்?"

"புளூ. ஏன் அங்கிள்?"

"சும்மா கேட்டனான்," என்றார்.

5

இந்த இடத்தில் கதை எனக்குள் சிக்கிக்கொண்டது. முந்திய ஒரு வரைவில் சண்முகலிங்கம் ஒரு கள்ளன். விலையுயர்ந்த கார், தங்கச் சங்கிலி, கூசாமல் பொய். அவரை வெறுப்பது சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததால் சந்தேகம் வந்தது. இப்போதிருக்கும் சண்முகலிங்கம், நீலமாக ஒன்று சரிவதைக் கண்டு, அதைத் தொட்டி என்றே நம்பிவிட்ட மனிதர். கண் மங்குவதை அவர் மனைவிக்கும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

இக்னேசியஸையும் நான் சந்தேகிக்கிறேன். அவர் உடனே போயிருக்கலாம். போகவில்லை. முந்திய படத்தை ஒரு நாளில் ஆறு தடவை திறந்து பார்த்தார். இரண்டு தடவை அழிக்கப் பார்த்தார். உலகத்தில் அந்த நீலம் மிஞ்சியிருப்பது அந்தப் படத்தில் மட்டும்தான். மற்றதைத் தன் கையாலேயே துடைத்தாயிற்று. படத்தைக் கொடுத்தால் ஒரு கிழவரின் லைசன்ஸ் போகும். லைசன்ஸ் போனால் மங்கையற்கரசி அக்காவை யார் கொண்டுபோவது? கொடுக்காவிட்டால்...

(அந்த வசனத்தை அவராலும் முடிக்க இயலவில்லை. அப்படியே விடுகிறேன்.)

புதன்கிழமை பின்னேரம் அவர் கிளடிஸ் விழுந்த அந்தக் கடவைக்குப் போய் நின்றார். தெருவில் ஒரு தொட்டியும் இல்லை. நாயோடு நடந்துவந்த ஒருவரைக் கேட்டார். இங்கே தொட்டி வைப்பது வெள்ளிக்கிழமை என்றார் அவர். திரும்பும்போதுதான் உறைத்தது: இன்றைக்கும் புதன். திங்களும் ஓடியிருப்பார். இன்னும் கொஞ்ச நேரத்தில், தொட்டியென்று கண்ட அதே கண்ணோடு சண்முகலிங்கம் இதே தெருவால் வருவார்.

6

மறுநாள் மத்தியானம், சண்முகலிங்கத்தின் பதினோராம் மாடி வீடு. மங்கையற்கரசி கதவைத் திறந்தார். சண்முகலிங்கம் சோபாவில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் முட்டினது எந்த றோட்டில?"

அவர் சொன்னார்.

"அந்த றோட்டில புதன்கிழமை தொட்டி வைக்கிறேல்லை அண்ணை. நான் போய்ப் பாத்தனான்."

இக்னேசியஸ் போனை நீட்டினார். பிறகு கிளடிஸைப் பற்றிச் சொன்னார். நாலைந்து வசனத்தில் முடிந்துவிட்டது. சண்முகலிங்கம் போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நீலமா ஒண்டு சரிஞ்சது," என்றார். "அது மட்டும்தான் கண்டனான். ஆள் எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. அந்த மனிசிக்கு உயிர் இருக்கோ?"

"இருக்கு அண்ணை. இடுப்பெலும்புதான்."

"எனக்குச் சத்தம் கேட்டது," என்றார் மங்கையற்கரசி. இருவரும் திரும்பினார்கள். "டயலிசிஸ் முடிஞ்ச களைப்பு. கண்ணை மூடிக்கொண்டிருந்தனான். என்னப்பா எண்டு கேட்டன், தொட்டி எண்டியள். ஆரோ கத்தின மாதிரியும் கிடந்தது. நான் கண் திறக்கேல்லை."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தொட்டி எண்டியள்தானே."

பிறகு சண்முகலிங்கம், "லைசன்ஸைப் பறிச்சால் இவவை ஆர் கொண்டுபோறது?" என்றார். அது இக்னேசியஸிடம் கேட்டதல்ல.

"அதை அங்கை போய்க் கேப்பம்," என்றார் மங்கையற்கரசி. "எழும்பிச் சட்டையைப் போடுங்கோ."

நீ ஓட்டு என்பதுபோல, கார்த் திறப்பைச் சண்முகலிங்கம் தானாகவே இக்னேசியஸின் கையில் வைத்தார்.

7

இப்போது அந்த வெள்ளைக் கார் பொலிஸ் நிலையத்தின் முன்னால் நிற்கிறது. இரண்டரை மணி. இக்னேசியஸ் எஞ்சினை நிற்பாட்டிவிட்டார். பக்கத்தில் சண்முகலிங்கம், பின்னால் மங்கையற்கரசி. ஒருவரும் இறங்கவில்லை.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

சண்முகலிங்கம் முதலில் இறங்குகிறார். நல்ல முடிவு. ஆனால் அவரை நல்லவராக்க நான் அவசரப்படுவது அதில் தெரிகிறது.

இக்னேசியஸ் முதலில் இறங்குகிறார். போனை அவர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவர் மனப்பாரம் இறங்குகிறது. மற்ற இருவரும் காரில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மங்கையற்கரசி முதலில் இறங்குகிறார். நாளை வெள்ளிக்கிழமை, டயலிசிஸ் நாள். அவருக்குப் போகவேண்டிய இடம் இருக்கிறது, போகும் வழி தெரியாது. இதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது.

கிளடிஸ் இவர்களை மன்னிப்பாரா என்று கேட்காதீர்கள். அவரிடம் இன்னும் ஒருவரும் போகவில்லை. என்னால் முடிந்தது இவர்களை இந்த வாசல்வரை கொண்டுவந்து விடுவது.

காருக்குள் ஒரு சீற் பெல்ற் கழலும் சத்தம் கேட்கிறது. யாருடையது என்று நீங்கள் சொல்லுங்கள்.