எட்டுக்கு எட்டு

1987 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை எங்கள் ஊர் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தொடங்கிய ஆலோசனைக் கூட்டம் முடிவதற்கு முப்பத்திரண்டு வருடம் ஆயிற்று. கூட்டம் நடந்த ஓக் மேசை, மூன்று நீதிபதிகள் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்ட காலத்தது. வாஷிங்டனில் ஒரு நீதிபதியைக் கூட்டிச் சட்டம் போடும்போதெல்லாம் தானாக இரண்டு முழம் வளர்ந்து, அப்போது பதினேழு பேருக்கு இடம் கொடுத்தது. தச்சன் கூலி மிச்சம் என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்றைய வழக்கு லெமுவேல் பிக்கெட்டுடையது. கொலை நடந்த நேரத்தில் அவனை வேறு ஊரில் பார்த்த பெண்ணின் வாக்குமூலத்தை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது. கீழ்க்கோர்ட் மரண தண்டனை விதித்திருந்தது. ஆலோசனை அறைக்குள் நீதிபதிகளைத் தவிர ஈ காக்கை நுழையக் கூடாது. பெரியவர்கள் முகத்தைப் பார்த்து மனம் மாறிவிடக் கூடாதென்று, கடைசியாகப் பதவிக்கு வந்தவர்தான் முதலில் பேசுவார். கதவைத் திறந்து முடிவைக் குமாஸ்தாவிடம் கொடுப்பதும் அவர் வேலை. அந்த வருடம் அவர் ஒடேலியா ஃபோன்டெனோ.

"இந்த ஆளுக்கு மறு விசாரணை வேணும்" என்றார் ஒடேலியா. ஓட்டு மேசையைச் சுற்றி வந்ததில் எட்டுக்கு எட்டு. எல்லோருக்கும் மூத்த ஆம்ப்ரோஸ் தாக்ஸ்டன் பேச வாயைத் திறந்தார், இறந்துபோனார். செத்தவர் ஓட்டு செல்லாது. சரிபாதியானால் கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிற்கும், பிக்கெட்டைக் கொன்றுவிடுவார்கள். ஒடேலியா எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகினார். கதவு நிலையோடு வேர் பிடித்திருந்தது. தோள் வலிக்க, நேர்மையாகவே இழுத்துப் பார்த்தார். அது திறக்காததில் வந்த சந்தோஷம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

வெளியிலிருந்து வெட்டிப் பார்த்தார்கள், கோடாலி பட்ட இடத்தை மறுநாளே பட்டை மூடியது. முடிவு கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி, அதனால் கூட்டம் முடியவில்லை, பிக்கெட்டையும் தொட முடியவில்லை. கூட்டம் முடியாமல் நீதிபதி யாரும் உயிரோடு வெளியேறக் கூடாது என்பதும் விதி. தீயணைப்பு ஏணி வைத்து ஜன்னல் வழியாகத் தாக்ஸ்டனை இறக்கினார்கள். அதே ஏணியில் புதியவர் ஏறி வந்தார், முதலிலிருந்து ஓட்டு எடுத்தார்கள். எந்தக் கட்சி ஜனாதிபதி யாரை அனுப்பினாலும் எட்டுக்கு எட்டுதான். முறை வந்ததும் மூத்தவர் போய்ச் சேர்ந்துவிடுவார். மற்ற வழக்குகளை வக்கீல்கள் ஏணியில் நின்றபடி வாதாடினார்கள். திங்கட்கிழமை தோறும் சிவப்பு பீன்ஸும் சோறும் வாளியில் மேலே போயின.

ஞாயிறு தோறும் ஒடேலியாவின் கணவர் குளோவிஸ் தெருவில் வந்து நிற்பார்.

"ஏம்மா, இன்னுமா பேசி முடியல? எங்க அக்கா தங்கச்சிங்க ஏழு பேரும் சேர்ந்தாக்கூட இவ்வளவு நேரம் பேச மாட்டாளுங்க!"

"கதவு திறக்கலை குளோவிஸ், நான் என்ன பண்ண? நீ மருந்து சாப்பிட்டியா?"

கீழே அவர் தலை நரைத்தது, பிறகு கைத்தடி வந்தது. அதை மேலிருந்து பார்த்துப் பார்த்து ஒடேலியா அழுதிருக்கிறார். சிறையில் பிக்கெட்டுக்குப் பற்கள் விழுந்தன. நாற்காலி நாற்காலியாக நகர்ந்து ஒடேலியா மேசையின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு எழுபத்தாறு வயது. இப்போது கடைசியாகப் பேச வேண்டியவர் அவர்.

வேட் லாசிட்டர் என்ற புதியவர் முதலில் பேசினார். சுற்றி வந்தது. எட்டுக்கு எட்டு. யாரும் ஒடேலியாவின் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்த்தார்கள். அவருக்கும் பயம்தான். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சொன்னதேதான். இந்த ஆளுக்கு மறு விசாரணை வேணும்."

மூச்சு வந்தது. அடுத்த மூச்சும் வந்தது. லாசிட்டர் போய்க் கைப்பிடியைத் திருகினார், எல்லாக் கதவுகளையும் போலத் திறந்தது. மறு விசாரணையில் பிக்கெட் விடுதலையானான். கதவு நிலையில் இப்போதும் துளிர்விடுகிற இலைகளைத் துப்புரவு ஆட்கள் கிள்ளிப் போடுகிறார்கள்.

அன்று ஒடேலியா படி வழியாக இறங்கி வந்தார். குளோவிஸ் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜெயிச்சியா?"

"ம்."

"சரி, ஏறு. சோறு ஆறிடும்."