அட்டமி, நவமி, மிளகாய்த்தூள் போத்தல்

கூடைப்பந்தை நான் கையால் தொட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. சுவிஸில் நாங்கள் குடியிருக்கும் ரெனானில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்திலிருந்து உருண்டு வந்ததை எடுத்து, அதன் சொந்தக்காரரிடம் எறிந்தேன். அது அவரிடம் போகவில்லை. ஆனாலும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கும் போர்த்துக்கேயர் இருவரும் இதற்குச் சாட்சி. கையில் கத்தியும் முன்னால் மூட்டையுமாக நிற்பவர்கள், பாவம், எங்கே ஓடுவார்கள்?

இந்த அறிவெல்லாம் என் மகள் யசோதராவால் வந்தது. அவள் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் நிமிர்ந்து நின்றால் அவளுடைய தோள் மட்டத்துக்கு வருவேன். உயரம் தாய்வழி என்று என் மனைவி தவமலர் சொல்லுவாள். பிடிவாதமும் தாய்வழிதான் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுவேன். சின்ன வயதிலிருந்தே லோசானில் ஒரு கழகத்தில் விளையாடியவளை, பள்ளிப் படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்லூரி முழு உதவித்தொகை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே இரண்டு ஆண்டுகள் விளையாடினாள். விளையாடினாள் என்றால், பெரும்பாலும் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து கை தட்டினாள். அவளுடைய இடத்தில் ஆடியவள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கெட்டிக்காரி. அவளுக்குக் கால் சுளுக்கினால்தான் என் மகளுக்கு வேலை. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நான் ஒரு தகப்பன். என் மனதில் என்னென்ன நினைப்பு வந்துபோனது என்பதைப் பிள்ளையார் ஒருவரே அறிவார்.

இந்த மே மாதம் அவள் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது நிலைமை சிக்கலாக இருந்தது. கல்லூரியில் பயிற்சியாளர் மாறிவிட்டார். புதிதாக வந்த பெண்மணி வேறு கல்லூரிகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அணியை நிரப்பிக்கொண்டிருந்தார். யசோவுக்கு இடம் உண்டா என்று கேட்டால் பொறுத்திருக்கச் சொன்னார். அதே நேரத்தில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு கழகம் அவளைத் தொழில்முறை ஆட்டக்காரியாக எடுக்க விரும்பியது. மாதச் சம்பளம் உண்டு. மிச்சப் படிப்பை இங்கேயே முடிக்கலாம். கையெழுத்துப் போட்டால் கல்லூரிக்கு முழுக்கு. போடாமல் விட்டு, அங்கேயும் இடம் இல்லையென்று ஆனால் இரண்டும் போச்சு.

இந்த விடயத்தில் என் நிலைப்பாடு ரெனானில் உள்ள எல்லாத் தமிழருக்கும் தெரியும். அமெரிக்காதான். கோயில் அன்னதான வரிசையிலும் சொன்னேன், தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும் சொன்னேன். தவமலரின் தமையன் மகேந்திரன் வில் என்ற இன்னொரு சுவிஸ் நகரில் இருக்கிறார். மகனுக்கு மருத்துவப் படிப்புக் கிடைத்த நாளிலிருந்து சாதாரண மனிதர்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டவர். அவர் போன் எடுத்து, "என்ன மச்சான், பிள்ளை பந்தெறிஞ்சு முடிஞ்சுதோ? இனியாவது வீட்டோட இருக்கட்டுமன்" என்று கேட்டார்.

"அவளின்ர எதிர்காலம் அங்கதான் மச்சான் இருக்கு. நாங்கள் மறிக்கக்கூடாது" என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். போனில் நெஞ்சு தெரியாது என்பது வேறு விடயம்.

உண்மை என்னவென்றால், எனக்கு அவள் வீட்டோடு இருக்க வேண்டும். அவள் போன நாளிலிருந்து வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் அவளுடைய அறைக் கதவைத் திறந்து, கட்டிலைப் பார்த்துவிட்டு மூடுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்ல முடியுமா? பிள்ளையின் காலைக் கட்டிப்போட்ட தகப்பன் என்று பெயர் வந்துவிடும். ஆகவே வாயில் அமெரிக்கா, வயிற்றில் ரெனான். அந்தக் கழகத்தின் மண்டபத்துக்கு ஒருநாள் யாருக்கும் தெரியாமல் போய், கூடைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் எனக்கொரு இருக்கையைக்கூடத் தெரிவுசெய்து வைத்திருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டார். சும்மா இருந்து பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். பார்க்கத்தானே வேண்டும்.

வெளியே மட்டும் என் பிரசாரம் ஓயவில்லை. சாப்பாட்டு மேசையில் தவமலரின் கறிச்சரக்குப் போத்தல்களை அடுக்கி அடுத்த ஆண்டுக்கான அணியை அமைப்பேன். மஞ்சள் நடுவில் நிற்கும் உயரமான பிள்ளை. சீரகமும் வெந்தயமும் பக்கங்களில். கடுகு புதிதாக வந்தவள், துள்ளுவாள். அவுஸ்திரேலியாக்காரிக்கு மிளகாய்த்தூள். யசோவுக்கு உப்பு.

"பார் பிள்ளை," என்று மிளகாய்த்தூள் போத்தலைத் தூக்கி மேசைக்கு வெளியே வைப்பேன். "இவள் நிக்கமாட்டாள். தன்ர நாட்டில புரொபஷனலாப் போயிடுவாள். பிறகு உப்பில்லாமல் என்ன செய்யப் போயினம்?"

"உங்களுக்கு எப்பிடியப்பா தெரியும்?" என்று யசோ சிரிப்பாள்.

"ஆட்டத்தைப் பாத்தாத் தெரியும்" என்பேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பிள்ளை போவாள் என்று நான் ஒரு துளியும் நம்பவில்லை. நம்பாததால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். அதற்குள் தவமலர் வந்து, "பிள்ளையின்ர எதிர்காலத்தை முடிச்சிட்டீங்களெண்டால் உப்பைத் தாருங்கோ, கறி கொதிக்குது" என்று என் மகளை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு போவாள்.

யூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கழகத்திலிருந்து ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. புதன்கிழமை மாலைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். யசோ அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கோவிக்காதேங்கோ. நான் இண்டைக்கே கையெழுத்துப் போடப்போறன். அங்க இருந்து ஒரு பதிலும் இல்லை. நான் இஞ்சயே நிக்கிறன்."

எனக்கு உள்ளே தவில் அடித்தது. முகத்தை மட்டும் செத்தவீட்டுக்கு வந்தவனைப் போல வைத்துக்கொண்டேன். "உன்ர விருப்பம் பிள்ளை" என்று பெருமூச்சும் விட்டேன். அந்தப் பெருமூச்சோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. ஆனால் என் மகள் வீட்டோடு நிற்கப்போகிறாள், அது எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாகத் தொடங்க வேண்டும் என்ற ஆசையில், எழும்பிப்போய்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். கோயிலில் கொடுத்த கலண்டர்.

செவ்வாய், அட்டமி. புதன், நவமி.

"பிள்ளை, இண்டைக்கு வேண்டாம். நாளைக்கும் வேண்டாம். வியாழக்கிழமை காலமை நல்ல நேரம் இருக்கு. அப்ப போடலாம்."

"புதன்கிழமை கடைசி நாள் அப்பா!"

"அதை நான் கதைக்கிறன்" என்றேன். சுவிஸ் நாட்டில் கடைசி நாள் என்றால் அது கடைசி நாள்தான் என்பது இத்தனை வருடம் இங்கே வதிவிட பெர்மிற் புதுப்பித்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கழக முகாமையாளருக்குப் போன் எடுத்தேன். என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. வெங்காயம் வெட்டவும் அடுப்பைக் குறைக்கவும் போதுமானது. அட்டமி நவமியை அதில் எப்படிச் சொல்லுவது?

"ஒரு நாள் தாமதம் வேண்டும், ஐயா" என்றேன்.

"ஏன், உங்கள் மகளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவர் பதறினார்.

"மகள் சுகம். நிலாதான் சரியில்லை."

அவர் 'நிலா' என்ற சொல்லை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் மிக மரியாதையாக, வியாழன் மதியம் வரை பொறுக்கலாம், அதற்குப் பிறகு நிலா எப்படி இருந்தாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். போனை வைத்தபோது, சுவிஸ்காரரையே அட்டமிக்கு வளைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. தவமலரிடம் மூன்று தடவை சொன்னேன்.

புதன் மாலை புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யசோவின் போன் அடித்தது. கல்லூரிப் பயிற்சியாளர். அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்தாள். அந்தப் பெண்மணி வேகமாகக் கதைத்தார். எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. அவுஸ்திரேலியாக்காரி தன் நாட்டில் ஒரு தொழில்முறைக் கழகத்துக்குப் போகிறாள். நேற்றுத்தான் சொன்னாளாம். அந்த இடம் காலி. யசோவை ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரில் ஒருத்தியாக வைத்துப் பார்க்க விரும்புகிறாராம். பத்திரம் உடனே வரும், வெள்ளிக்கு முன் கையெழுத்திட்டு அனுப்பவேண்டுமாம்.

யசோ எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. "அப்பா! நீங்கள் சொன்னது! மிளகாய்த்தூள் போயிட்டுது!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய தோளில் என் மூக்கு அமுங்கியது. சுவிஸ் வாக்கெடுப்பு, பவுண் விலை, நாளைக்கு மழை வருமா என்பது வரை நான் சொன்ன ஒன்றும் இதுவரை பலித்ததில்லை. வாழ்நாளில் பலித்தது இது ஒன்றுதான்.

சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே தவமலர் மெதுவாகக் கேட்டாள்.

"நேற்று பிள்ளை கையெழுத்துப் போட வெளிக்கிட்டவள் எல்லே?"

"ஓம்."

"மறிச்சது ஆர்?"

"அட்டமி" என்றேன்.

"அட்டமியோ, நீங்களோ?"

நான் கோப்பையைத் துடைத்தேன். துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தேன்.

"போகாதையெண்டு சொல்லுங்கோவன்" என்றாள். அவளுடைய குரலும் சரியாக இல்லை. "உங்களுக்கும் விருப்பமில்லை, எனக்கும் விருப்பமில்லை. பிறகு ஆருக்காக இந்த நடிப்பு?"

அவள் சொன்னது சரி. கதவைத் தட்டி யசோவின் அறைக்குள் போனேன். சொல்லத்தான் போனேன். அவள் கட்டிலில் சப்பணமிட்டு இருந்து, பழைய ஆட்டச் சப்பாத்துக்கு நாடா மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்டு சொல்லட்டோ?" என்று அவளே தொடங்கினாள். "எனக்கு அங்க இடமிருக்கெண்டு கோச் நம்பேல்லை. அம்மா நம்பேல்லை. மாமா பகிடி பண்ணினவர். நானும் நம்பேல்லை. நீங்கள் ஒராள்தான் நம்பினது. நீங்கள் அந்தப் போத்தலுகளை வைச்சுச் சொல்லேக்க எனக்குச் சிரிப்பு வரும். ஆனா அறைக்குள்ள வந்து, அப்பா சொல்லுறது சரியா இருந்தா எவ்வளவு நல்லம் எண்டு யோசிப்பன்."

நான்தான் எல்லோரையும் விடக் குறைவாக நம்பியவன். தவமலராவது நம்பவில்லையென்று வாய்விட்டுச் சொன்னவள். நான் நம்பாத ஒன்றை என் பிள்ளை நம்பி, அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாளும் இருந்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. "நாடாவை இறுக்கிக் கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன் காலை நான் குளித்து, வேட்டி கட்டி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் பேனையை வைத்தேன். கழகத்துக்காக வாங்கிய பேனை. யசோ முகாமையாளருக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டாள். அவர் வருத்தப்பட்டாராம். தகப்பனிடம் கேள், இப்போது நிலா சரியாகிவிட்டதா என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்றாவது வரிசை இருக்கை கண்ணுக்குள் வந்து போனது.

கல்லூரிப் பத்திரத்தை அச்சடித்து மேசையில் வைத்தாள். தவமலர் உப்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். யசோ பேனையைத் திறந்தாள். கையெழுத்திடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உண்மையாச் சொல்லுங்கோ. நான் போகட்டோ?"

அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் பேனையை மூடியிருப்பாள். அது எனக்குத் தெரிந்தது. தவமலருக்கும் தெரிந்தது, அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன், பிறகு என் மகளைப் பார்த்தேன்.

"நல்ல நேரம் முடியப்போகுது பிள்ளை," என்றேன். "கெதியாப் போடு."